சுவரைப் பார்த்த இருக்கை

ஓசூரில் ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தால்
எனக்குத் தெரிந்து மூன்று வழி.
விடுதி அறையில் மிச்சமிருக்கும் ரஸ்க்.
அல்லது பஸ் ஸ்டாண்டு எதிரே பரோட்டாக் கடை:
“எத்தனை பேர்மா?” என்பார்கள்.
ஒருத்திதான் என்றால் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.
வராத யாருக்கோ
எதிரில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைப்பார்கள்.

மூன்றாவது இது.
சிப்காட் சாலையில், டயர் கடைக்கும் ஏடிஎம்முக்கும் நடுவே
நீலத் துணி தொங்கும் வாசல்.
துணியில் என்ன எழுதியிருக்கிறதென்று
சமைக்கிற சங்மாவுக்கே தெரியாது.
அவன் மேகாலயாக்காரன்,
பெங்களூரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்துக் கற்றானாம்.
முதலாளி பாகலூரில் ரோஜா போடுகிறவர்.
கடை திறந்து ஏழு மாதம், இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை;
கிருத்திகை, அமாவாசை, சனிக்கிழமை என்று
ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது.

ஆறு இருக்கை. ஆறும் சுவரைப் பார்த்தபடி.
பள்ளிக்கூடத்தில் இப்படி உட்கார வைத்தால் தண்டனை,
இங்கே நூற்றி எண்பது ரூபாய்.
சுவரில் மாங்கூழ் கம்பெனி காலண்டர்,
போன மாதத்தை யாரும் கிழிக்கவில்லை.
யாரும் என்னைப் பார்ப்பதில்லை.
நானும் யாரையும்.

காலையிலிருந்து கொதித்த கோழி எலும்பு
பால்போல் வெளுத்துக் கிண்ணத்தில் இறங்கும்.
மேலே வெங்காயத்தாள், ஒரு தகடு கறி,
மஞ்சள் கரு இன்னும் முடிவெடுக்காத அரை முட்டை.
அதை “வேகலப்பா” என்று திருப்பி அனுப்புகிறவர்கள்
வாரத்துக்கு நாலு பேராவது உண்டு.

இதில் சத்தம் போட்டு உறிஞ்சலாம்.
அம்மா பார்த்தால் அவ்வளவுதான்.
பெண் பார்க்க வருகிறவர்கள்
ரசத்தில்தான் கண்டுபிடிப்பார்கள் என்பாள்.
அப்படி வந்த மூன்று பேருக்கும்
ரசம் வரை போகவே நேரமிருந்ததில்லை.

இன்றைக்குப் பக்கத்து இருக்கையில் ஹிரானோ.
என் தொழிற்சாலைக்கு வந்திருக்கும் ஆள்.
அவருக்குத் தமிழில் மூன்று வார்த்தை தெரியும்:
சரி. சரியில்லை. சாப்டாச்சா.
சாயங்காலம்தான் இரண்டாவதைச் சொன்னார்,
இருநூற்றுப் பன்னிரண்டு பிஸ்டன் பின்களைப் பார்த்து,
ஒவ்வொரு தட்டிலும்
பா. முனிரத்னா என்று நான் கையெழுத்திட்டிருந்தேன்.
இரண்டு மைக்ரான் அதிகம்.
தலைமுடியை நீளவாக்கில் நாற்பதாகக் கிழித்தால்
அதில் ஒன்று.

ஆவி ஏறிக் கண்ணாடி வெளுத்துப்போய்
என்னை அவருக்குத் தெரியவில்லை.
கழற்றி வைத்தார்.
கண்ணாடி இல்லாத முகம்
டபுள் ஷிஃப்ட் முடித்த யாருடைய முகமும்போல.
பிறகு உறிஞ்சினார் பாருங்கள்,
ஏரிக்கரையில் மோட்டார் காற்று இழுக்கிற மாதிரி.
எனக்குக் கோபம் ஏறியது.
நானும் உறிஞ்சினேன், அதைவிடப் பலமாக.
அவர் இன்னும் பலமாக.
சங்மா அகப்பையைப் பிடித்தபடி
இவனைப் பார்ப்பதா இவளைப் பார்ப்பதா என்று நின்றான்.

நடுவில் நிறுத்தி
சாற்றை ஒரு கரண்டி அள்ளி நாக்கில் வைத்தார்.
கண்ணை மூடினார்.
காலண்டரிடம் சொல்வதுபோல, மெல்ல,
“சரியில்லை.”

அப்புறம் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி
அண்ணாந்து
கடைசிச் சொட்டு வரை குடித்தார்.
அடியில் ஒட்டிய வெங்காயத்தாளையும்
விடவில்லை.

நாளைக்கு அந்த இருநூற்றுப் பன்னிரண்டும்
மறுபடி அரைக்கப் போகும். நான்தான் அரைக்கணும்.
அது மாறாது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
திரும்பியவர் அப்போதுதான் என்னைக் கண்டார்.
எழுந்து, பாதி குனிந்து,
மிச்சமிருந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்:
“சாப்டாச்சா?”

ஆச்சு என்று தலையாட்டினேன்.
பொய்.
முட்டை அப்படியே இருந்தது.
அவர் போகட்டும் என்று
காத்துக்கொண்டிருந்தேன்.