காலி வண்டியின் எடை

புளியரையில் சாரல் இறங்கிவிட்டால்
எதிரே நிற்கிற லாரியின் நெற்றி எழுத்துகூடத் தெரியாது.
ராத்திரி ஷிப்டில் எடைமேடையில் நான் ஒருத்திதான்.
காய்கறியை ஏற்றிக்கொண்டு மலையேறி
புனலூரில் இறக்கிவிட்டு
விடியுமுன் திரும்பும் வண்டி
ஒன்பது டன் நூற்றிருபது இருக்க வேண்டும்.
பதின்மூன்று எண்ணூற்று எண்பது காட்டும்.
ரசீதில் 'காலி' என்றே அடிக்கச் சொல்வார்கள்.
கொட்டுகிற குப்பைக்கும் டன் கணக்கில்தான் கூலி,
அதனால் என்னிடம் வராமல் முடியாது.
தார்ப்பாய்க்கு அடியில் என்ன என்று நான் கேட்டதில்லை.
டெட்டால் வாடை,
அதற்கும் அடியில் வேறொரு வாடை.

செல்போன் கடை பீர்கனிதான்
அந்தப் பிரவுசரை ஏற்றித் தந்தான்.
"வெங்காயம் மாரிக்கா, தோலுக்குள்ள தோலு.
மூணு கை மாறும்.
முத கைக்கு நீங்க யாருன்னு தெரியும், எங்க போவுதுன்னு தெரியாது.
கடைசிக் கைக்கு எங்க போவுதுன்னு தெரியும், யாருன்னு தெரியாது.
நடுவுல உள்ளவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது."
சிரித்துவிட்டேன்.
தார்ப்பாய் வண்டிகளும் இப்படித்தான் ஓடுகின்றன.

ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்களாம்.
சீட்டு விளையாட ஒருவன்.
வெளியாகாத படத்தை முதலில் பார்க்க ஒருவன்.
கடன் ஆப்காரனுக்கு ஒளிந்து நாலைந்து பேர்.
போனைத் துழாவும் புருஷனுக்குத் தெரியாமல்
டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க
கீழத்தெருவில் ஒரு பெண்.
பெயர் சொல்லமாட்டேன் என்றான். நானும் கேட்கவில்லை.
கள்ளனும் அவளும் நானும் ஒரே இருட்டில் நின்றோம்.
கள்ளன் எழுந்து போய்விட்டால்
இருட்டு எங்களுக்குப் போதாது.

தென்காசிக்குப் பஸ்ஸில் அரைமணி.
என் ரசீதின் படம்
ருமேனியா போய், ஐஸ்லாந்து போய்,
வாயில் நுழையாத ஒரு நாட்டுக்கும் போய்
தென்காசி போய்ச் சேர்ந்தது.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
டீயில் ஆடை கட்டிவிட்டது.

இரண்டு வண்டி பிடிபட்டது.
பேப்பரில் நாலு வரி, பக்கத்தில் ரசீதின் படம்.

புரோக்கர் சசிதரன் மூன்றாம் நாள் வந்தான்.
குடையை மடக்கினான்.
அன்றைய ரசீது ஒன்றை வாங்கி
பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தான்.
"சேச்சி, இந்த எட்டைப் பாருங்க."
பார்த்தேன்.
பிரிண்டரில் ஒரு ஊசி செத்து ஆறு மாதம்.
எல்லா எண்ணுக்கும் இடுப்பில் ஒரு வெள்ளைக் கோடு;
எட்டு மட்டும் இரண்டு துண்டாய்க் கிடக்கும்.
தினமும் அடிக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை.
அவன் வேறெதுவும் கேட்கவில்லை.
டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனான்,
என் டீக்கும் சேர்த்து.

மூன்று நாட்டுக்காரனும் வாய் திறக்கவில்லை,
அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் தூக்குவாளி, சால்வை, சாமி படம்
எல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான்
முதலாளி காசிமணிக்காகக் காத்திருந்தேன்.
ஸ்கூட்டரில் பெட்டியோடு வந்தார்.
புது பிரிண்டர்.
"நீயான்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத."
ஒரு ரசீது அடித்துப் பார்த்தார்.
"கடையநல்லூர்லயும் இதே மாடல்தான், கம்பத்துலயும் இதேதான்."
பழையதைச் சாக்கில் கட்டி
எங்கேயோ கொண்டுபோனார்.
யாரைக் காப்பாற்ற என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு நாற்பதுக்கு எஸ் வளைவில் இரண்டு விளக்கு.
மேடை ஏறி நின்றதும்
"காலி" என்றான் டிரைவர், இறங்காமல்.
பதின்மூன்று எண்ணூற்று எண்பது.
எட்டு முழு எட்டாக விழுந்தது,
மூன்று இடத்திலும்,
எந்த ஊர் எட்டு என்று சொல்ல முடியாதபடி.

இரண்டு படி அடித்தேன்.