பற்றுச்சீட்டின் பின்பக்கம்

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
டீசல் அளந்து கொடுப்பது என் வேலை.
நள்ளிரவு. மூன்றாம் பம்பு இருமுகிறது.
ரேடியோவில் ஒரு கனவான் முடித்துவிட்டார்:
நட்சத்திரத்துக்கு மனிதன் போக முடியாது,
இயற்கையின் சட்டம் அனுமதிக்காது.

சட்டம் என்ற சொல்லில்தான் சுருக்கென்றது.

எனக்குச் சட்டங்களைத் தெரியும், ஐயா.
மாலை ஆறுக்குப் பிறகு தோணி இறக்காதே.
பாஸ் இல்லாமல் பாலம் கடக்காதே.
மணல்மூட்டைக்குப் பின்னால் நின்று
என் அடையாள அட்டையைத்
தலைகீழாகப் பிடித்து வாசித்தது சட்டம்.
ரோச்சுக்கு இரண்டு பற்றரி கொண்டுபோகவும் விடவில்லை.
ஏன் என்றால்
துவக்கைத் தோள் மாற்றிக்கொண்டது.

இயற்கையை அப்படியொரு சாவடியில்
நான் கண்டதில்லை.

"ஏன் மிஸ் ஏலாதாம்?"
தொட்டிக்குள் குழாயைச் செருகிவிட்டு
எஞ்சின்காரன் நஸ்ஹர் கேட்டான்.

எழுதிய பற்றுச்சீட்டைத் திருப்பிப்
பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
தூரம் போக எண்ணெய்.
அந்த எண்ணெயைச் சுமக்க எண்ணெய்.
சுமக்கிற எண்ணெயைச் சுமக்க, மறுகா, எண்ணெய்.

"அது நமக்கும் உள்ளதுதானே" என்றான்,
முப்பது நாள் கடலுக்கு
ஐஸுக்கும் டீசலுக்கும் நடுவில்
மீனுக்கு இடம் தேடுகிறவன்.

உள்ளதுதான். ஆனால்
ஒளியின் வேகத்தில் பத்திலொன்று வேண்டுமென்றால்,
அதுவும் இன்றைய ராக்கெட் எரிக்கிற எண்ணெயில் என்றால்,
ஒன்று போட்டு
பதிவேட்டில் ஒரு பக்கம் நிறையச் சைபர் போடவேண்டும்.
கண்ணுக்கெட்டிய பிரபஞ்சத்தின்
அணுக்களை எல்லாம் எண்ணி எழுத
இரண்டு வரி போதும்.

நஸ்ஹர் குனிந்து பார்த்தான்.
"அப்ப எண்ணெய்தான் பிழை."

சொல்லிவிட்டுப் பீடி தேடினான்;
பம்படியில் நிற்கிறோம் என்பது நினைவு வந்து
காதிலேயே செருகிக்கொண்டான்.

ஓம், எண்ணெய்தான் பிழை.
சூரியன் எரிகிற மாதிரி எரிக்கப் பழகினால்
அந்தப் பக்கச் சைபர் அத்தனையும் உதிர்ந்து
விரலில் எண்ணுமளவு மிஞ்சும்.
இல்லையென்றால் எண்ணெயையே கரையில் விடலாம்.
யூரியாப் பை தைத்த பாயை விரித்துக்
களப்பில் புவனசிங்கம் போகிறானே,
காற்றுக்கு அவன் காசா கொடுக்கிறான்?
ஒளிக்கும் தள்ளு உண்டு,
மிக மெல்லிய பாய் வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?
போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது எப்படி?
நங்கூரம் தொடத் தரையில்லை.
கை காட்டவும் நேரமின்றி
நட்சத்திரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.
வழியில் ஒரு மணல் பட்டால்
புதைத்துவைத்த வெடியில் கால் வைத்ததுபோல.

இன்னும் வேகமாய்ப் போனால்
போகிறவனின் கடிகாரம் பிந்தும்.
அவனுக்கு ஐந்து வருசம், கரைக்கு ஐம்பது.
இயற்கை "போகாதே" என்று சொல்லவில்லை.
திரும்பி வரும்போது
துறையில் இதே முகங்கள் நிற்கும் என்று
வாக்குத் தர மறுக்கிறது.

அது இங்கே யாருக்குப் புதினம்?
ஆஸ்திரேலியா என்று ஓர் இரவு
இந்தத் துறையால் போன படகில்
என் தம்பி கோமகன் ஏறினான்.
டீசல் கணக்குச் சரியாகத்தான் வந்ததாம்.
பன்னிரண்டு வருசம் இங்கே போய்விட்டது.
அவன் எங்கேயோ இன்னும் பத்தொன்பது.

மீற்றர் மூவாயிரத்து நானூறில் நின்றது.
நஸ்ஹர் மூடியை இறுக்கினான்,
உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்து நீட்டினான்.
"சீட்டைத் தாங்க மிஸ்.
நேவி மறிச்சா அதைத்தான் காட்டோணும்."

பின்பக்கம் முழுக்கச் சைபர்.
வேறு எழுதித் தரட்டா என்றேன்.

"கிடக்கட்டும்" என்று மடித்தான்.
"கேட்டா, அங்கால ஓரிடத்துக்கு
எவ்வளவு போகுமெண்டு பாத்தது
எண்டு சொல்லுறன்."