ஓடாதவன் களைப்பு

ஆறு தரம் ஆவி பிடித்தாயிற்று.
ஏழாவதுக்கு மருந்தை உடைத்து ஊற்றுகிறாள் மிஸ் இரேஷா.
முகமூடிக்குள் பனி.
மாசியில் தீகவாபிக் கண்டத்தில்
விடியமுன் வரம்பில் கிடக்குமே, அது அல்ல;
பிளாஸ்டிக் மணக்கும் பனி.

வெட்டு மெசின் ஓட்டுகிறவன் நான்.
ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி
ஒன்பது நாள் தூசிக்குள் இருந்தவன்.
மண்ணிறப் பம்பை லாச்சியில் விட்டுவிட்டு
நீலத்தை மட்டும் சட்டைப் பையில் கொண்டுபோனவன்.
நீலம் உடனே கேட்கும்.
மண்ணிறம் மாதக் கணக்கில்தான் கேட்கும்.
அறுவடை நடுவில் யாரிடம் இருக்கிறது மாதக் கணக்கு?

கை நடுங்குகிறது.
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருக முடியவில்லை,
நாள் முழுக்கக் கியர் மாற்றுகிற கைக்கு.
கெண்டைக்காலில் யாரோ கயிறு முறுக்குகிறார்கள்.
நெஞ்சு கியரில் விழாமல் உறுமுகிறது.
எல்லாம் கூடிக்கொண்டு போகிறது,
மூச்சு மட்டும் போதவில்லை.
போதவில்லை என்று கையைக் காட்டினேன்.
"மறுகா ஒண்டு குடுங்க மிஸ்" என்றாள் பளீலா.
என் விலா ஏறி இறங்குவதுதான் அவளுக்குத் தெரியும்.
எனக்கும் அவ்வளவுதான்.

இரண்டரை மணிக்கு டொக்டர் தர்மினி வந்தார்.
கன்னத்தில் தலையணையின் மடிப்பு.
முதுகில் குழாயை வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார்,
வைத்த இடத்தில் வைத்ததைக் காணாதவர் போல.
"இழுப்புச் சத்தம் இல்லையே."
மணிக்கட்டு நாடியில் ஊசி.
வந்த துண்டை வாசித்துவிட்டு
நெபுலைசரின் சுவிட்சை
நிறுத்தினார்.

பளீலா எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.
"மூச்சில்லாத மனிசன்ட மூச்சையும் பறிக்கிறீங்களா?"

டொக்டர் குரலை உயர்த்தவில்லை. துண்டைக் காட்டினார்.
நெஞ்சின் குழாய்கள் எப்போதோ திறந்துவிட்டன.
திறந்த மருந்து திரும்பிப் போகவில்லை,
ஈரலுக்குப் போயிற்று, தொடைக்குப் போயிற்று,
சும்மா கிடந்த தசையைக் கிளப்பி ஓடவிட்டது.
சீனி இருநூற்றி எண்பது.
பொட்டாசியம் தரைதட்டிவிட்டது.
லக்டேட் ஒன்பது.
"ஓட்டம் ஓடி முடித்த ஆளின் இரத்தத்தில் இருக்கிற புளிப்பு இது.
இதை ஊதித் தள்ளத்தான் நீங்கள் மூசுகிறீர்கள்.
முட்டு என்று நினைத்து
நாங்கள் இன்னும் இன்னும் ஊட்டினோம்."

நாங்கள் என்றார்.
அந்த நிலையிலும் அது என் காதில் விழுந்தது.

கண்டம் முடிந்தது மெசினுக்குத் தெரியாது.
விட்டால் வரம்பையும் வெட்டும், வாய்க்காலிலும் இறங்கும்.
நான் கட்டிலில் கிடந்தபடி ஓடியிருக்கிறேன்,
அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று,
செருப்பில்லாமல்,
ஒரு கடலையும் காணாமல்.
ஆறு தரம் குடித்த ஆவி
ஆவியைக் குடிக்கப் பார்த்திருக்கிறது.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றும் இல்லை.
அதுதான் கஷ்டம்.
ஒட்சிசன் மட்டும் சீறியது.
பொட்டாசியம் ஏறிய நரம்பு மிளகாய் அரைத்த கைபோல் எரிந்தது.
பளீலா சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
டொக்டர் மணிக்கூட்டை.
எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை, எண்ணினேன்.
நிமிசத்துக்கு நாற்பது.
முப்பத்தாறு.
நடுவில் பிசகி மறுபடி ஒன்றிலிருந்து.
மருந்து தராமல் இருப்பதற்கும் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

சுபஹுக்குப் பாங்கு சொன்னபோது இருபத்திரண்டு.
"இன்னொருக்கா ரத்தம் எடுக்கணும்" என்றார் டொக்டர்.
கையை நானே நீட்டினேன்; நடுங்கியது, கொஞ்சமாக.

பளீலா அப்போதுதான் குனிந்து
கதிரையை நிமிர்த்தினாள்.
உட்காரவில்லை.
டொக்டருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.