எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்

டிசம்பரில் என் கடைக்கு வருகிறவர்கள்
ஓடுகிறவர்கள் அல்ல.
ஓடுகிறவர்களோடு வாழ்கிறவர்கள்.
வாசலில் பூட்ஸின் பனியைத் தட்டிவிட்டு
வேறொரு மதத்தின் கோயிலுக்குள் நுழைந்தவர்கள்போல
எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று
தெரியாமல் நிற்பார்கள்.

லூலியோவில் பகல் ஒன்றரை மணி.
இருட்டிவிட்டது.

ஒருத்தி மகனின் கால் அளவைக்
கைகளை விரித்துக் காட்டுகிறாள்:
"இவ்வளவு இருக்கும்."
போன வாரம் ஒருவர்
மருமகளுக்கு எடை பார்க்கும் கருவி கேட்டார்.
வேண்டாம் என்றேன்.
பண்டிகை நல்லபடியாக முடிய வேண்டாமா?

காலுறை வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.
யாரும் கேட்பதில்லை.
காலுறை கொடுத்தால் அன்பு குறைவாம்.
பதினெட்டாவது கிலோமீட்டரில்
கொப்புளம் உடைந்தவளைக் கேட்டுப் பாருங்கள்,
அன்பு எதில் இருக்கிறதென்று.
எனக்கே என் அக்கா வருடந்தோறும்
ஓடுகிற பெண்ணின் படம் போட்ட கோப்பை தருகிறாள்.
பதினான்கு கோப்பைகள்.
நான் காப்பி குடிப்பதில்லை.

இருபதாம் தேதி ஆர்விட் வந்தார்.
ரொட்டிப் பைக்குள்
மனைவியின் ஷூ, இடது கால் மட்டும்.
"இரவுப் பணி முடிந்து தூங்குகிறாள்.
எழுவதற்குள் திரும்ப வைத்துவிட வேண்டும்."

திருப்பிப் பார்த்தேன்.
குதிகாலின் வெளியோரம் தேய்ந்து, ரப்பர் பிய்ந்து,
நடுப்பள்ளத்தில் ஒரு பைன் ஊசி.
எக்ஸ்ரேயை டாக்டர் தூக்கிப் பிடிக்கும்போது
அவர் முகத்தையே பார்ப்பார்களே,
அப்படி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டுப் பாதையா?"
"கேட்டால், சும்மா ஒரு சுற்று என்பாள்."

ஷூ வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார்.
கைக்கடிகாரம் ஒன்றை எடுத்தார்,
விலையைப் பார்த்தார்,
தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் திரும்ப வைத்தார்.
பிறகு நெற்றி விளக்குகள் முன்னால் நின்றார்.
வெகு நேரம்.

நானூறு லூமென், நூற்றிருபது மீட்டர் வரை
பாதை தெளிவாகத் தெரியும் என்று ஒப்பித்தேன்.
"அது இல்லை," என்றார்.
"இதை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க முடியும்?
எங்கள் அடுக்களை ஜன்னல் ஏரியைப் பார்த்தது.
அக்கரையில்தான் அவள் காட்டைவிட்டு வெளியே வருவாள்."

பதினேழு வருடமாக விற்கிறேன்.
அட்டைப் பெட்டியில் அந்த எண் இல்லை.
கடையை அவரிடம் விட்டுவிட்டு
விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு நடந்தேன்,
கார்களைத் தாண்டி,
உறைந்த படகுத்துறையின் கடைசிப் பலகை வரை.
திரும்பி நின்றேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம்
கையை உயர்த்தியது.

இருபத்தேழாம் தேதி,
பொருள் மாற்ற வந்த கூட்டத்தில்
அந்த விளக்கோடு ஒரு பெண்.
"கனமாக இருக்கிறதா?"
"இல்லை. போட்டால் அந்த வட்டம் மட்டும்தான் தெரிகிறது.
போடாவிட்டால் பனி தெரிகிறது.
இரவெல்லாம் வார்டில் குழல்விளக்குக்குக் கீழே நிற்கிறேன்.
நான் ஓடுவதே இருட்டுக்காக.
அவருக்கு இது புரியாது."

வாடிக்கையாளர் பேசியதை வெளியே சொல்லக் கூடாது.
சொன்னேன்.
படகுத்துறை வரை நடந்ததையும் சேர்த்து.

விளக்கை ஒருமுறை போட்டு அணைத்தாள்.
முகத்தில் கொஞ்சம் கோபம்கூட.
"பதினொரு வருஷமாக
அந்த மனிதர் ஜன்னலில் நின்று
பாத்திரம் கழுவுகிறார் என்றல்லவா நினைத்தேன்."

ரசீதை நாலாக மடித்தாள்.
"காட்டுக்குள் போடமாட்டேன்," பிடிவாதமாகச் சொன்னாள்.
"ஏரிக்கு வந்ததும் வேண்டுமானால்.
பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?"

அவளுக்குப் பின்னால் நின்றவர் கையில்
காலுறைப் பொட்டலம்.
அளவு சின்னதாம்.
போகட்டும்,
ஒருவராவது என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.