மடிப்பு

வெருலம். இரவு பதினொன்று.
வார்டு அலுவலகக் கணினியில்
புகார்களை அடுக்குகிறேன்.
'தண்ணீர்' தலைப்பு.
அதற்குள் தெருக்கள், தெருவுக்குள் வீடுகள்,
வீட்டுக்குள்
குளிக்காமல் பரீட்சைக்குப் போன பிள்ளை,
டயாலிசிஸ் முடிந்து வந்த கையோடு
வாளி தூக்கிய மூட்லி.
ஒவ்வொருவரும் ஒரு விரற்கடை உள்ளே.

போன். மவுண்ட்வியூவிலிருந்து பூபாலன்:
"வந்துடுச்சும்மா. செம்மண் கலர்தான்.
ஆனா வந்துடுச்சு."

இதை எதன் கீழ் வைப்பது?
நல்ல சேதிக்கு நான் தலைப்பே போட்டதில்லை.
இடது ஓரம், எல்லாவற்றுக்கும் மேலே, தட்டினேன்:
தண்ணீர் வந்தது.

கண் சொக்கியது. விரல் எதையோ இழுத்தது.

காலை, கவுன்சில் கூட்டம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளும்
ஒரு சின்ன முக்கோணத்துக்குள் மடங்கிக்கிடக்க
அச்சாகி வந்த தாளில்
அந்த ஒரே வரி.

கைதட்டினார்கள்.
பிறகு ஆளுக்கொரு பாட்டிலைத் திறந்து
குடித்தார்கள்.