ஐந்தாவது எலும்பு

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்குப் பந்தடி.
செவ்வாயே ஊர் முடிவை எழுதி வைத்துவிட்டது.

மூன்றுக்குச் சுழி என்கிறார் சலூன் யோகநாயகம்,
கதிரையில் ஒருவன் பாதிக் கன்னத்து நுரையோடு காத்திருக்க.
இரண்டுக்கு ஒன்று, அதுவும் கடைசி நிமிசத்தில்,
என்கிறார் மீன்கடை நசூர்தீன்.
பாரை வெட்டும் கத்தியால் பலகையில் மைதானம் கீறி
செதிள்களை ஆட்களாய் நிறுத்தி
கரைக் கல்லூரியின் தடுப்பில் எங்கே ஓட்டை என்று காட்டுகிறார்.
ஓட்டையைப் பார்த்து நின்றதில்
நிறுவையைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஓட்டோக்காரர் கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்கிறார்கள்.
இரண்டாம் பாதியில் அது கடற்பக்கம் தள்ளும்,
நாணயம் சுண்டி வெல்பவனே ஆட்டத்தையும் வெல்வானாம்.
வாசலில் கச்சான் வறுக்கிறவனுக்கு மட்டும்
காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை கண்ணுக்குள்.

எல்லாக் கணக்கும் கடைசியில் ஓரிடத்தில் கூட்டப்படுகிறது:
மேட்டுக் கல்லூரியின் பதினோராம் இலக்கம்,
மிதுர்ஷனின் இடக்கால்.

அந்தக் கால்
புதன்கிழமை என் எக்ஸ்ரே மேசையில் கிடந்தது.

ஆடாதே என்றேன்.
மூச்சைப் பிடி என்றும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்;
நெஞ்சுப் படத்துக்குச் சொல்வது, காலுக்குத் தேவையில்லை.
அவன் பிடித்துக்கொண்டான்.
திரையில், சின்னவிரலுக்குப் பின்னால்,
ஐந்தாவது எலும்பின் குறுக்கே
தலைமயிர் ஒன்று விழுந்ததுபோல் ஒரு கோடு.
திரையைத் துடைத்தேன்.
மயிர் இல்லை.

டொக்டர் ஆறு கிழமை என்றார்.
அவன் தலையாட்டினான்,
ஆறு நாளென்று கேட்டவன்போல.
கடிதத்தை நான்காய் மடித்து,
கதவடியில் நின்று,
"மிஸ், ஆரும் வந்து படத்தைக் கேட்டால்?"
"ஒருத்தருக்கும் காட்டுறதில்லை" என்றேன்.
நான் சொன்னது ஆஸ்பத்திரிச் சட்டம்.
அவனுக்கு அது சத்தியமாய்க் கேட்டிருக்கும்.

வியாழன். எங்கள் கன்ரீனிலும் ஒரு பலகை.
தோற்றவர்கள் வென்றவர்களுக்கு ரோல்ஸ் வாங்க வேண்டும்.
பியூலா சோக்கை நீட்டினாள்.
கரைக் கல்லூரி இரண்டு, மேட்டுக் கல்லூரி சுழி என்று எழுதினேன்.
சிரித்தார்கள்.
மாத்தளையிலிருந்து மாற்றலாகி வந்தவளுக்குப்
பந்தும் தெரியாது, ஊரும் தெரியாது.

தேத்தண்ணி ஆறும்வரை அந்தச் சுழியைப் பார்த்தேன்.
மற்றவர்கள் ஊகித்தார்கள்.
நான் ஒரு பிள்ளையின் காலுக்குள் புகுந்து
விடையை எடுத்து வந்திருந்தேன்.
உள்ளங்கையால் அழித்தேன்.
ஒன்றுக்கு ஒன்று.
அதுவும் பொய்தான், ஆனால் எல்லோருடைய பொய்யையும்போல.

வெள்ளி, வேலை முடிந்து
ஸ்கூட்டரை மைதான மதிலோரம் நிறுத்தினேன்.
மூலைக் கொடிக்கப்பால் நான்கு மான்கள் புல் மேய்கின்றன,
நாளைய கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பை மிதித்தபடி.
கம்பங்களுக்கு முன்னால் அவன், தனியே.
வலக்காலால் அடித்துக்கொண்டிருந்தான்.

முதலாவது மதிலில்.
இரண்டாவது மான்களின் பக்கம்; ஒன்றுகூட விலகவில்லை.
ஆறு வரைக்கும் எண்ணினேன்,
எல்லாம் நசூர்தீன் சிரிக்கக்கூடிய பந்துகள்.
ஏழாவது குறுக்குக் கம்பத்தில் மோதி
மணிபோல் ஒரு சத்தம்.
எட்டாவது
போனது.
வலை கட்டியிருக்கவில்லை, அதனால் தடுக்க எதுவுமில்லாமல்
உருண்டு உருண்டு என் செருப்படியில் வந்து நின்றது.

இதை எந்தப் படம் எனக்குக் காட்டியிருக்கும்?
அந்தக் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.
எட்டாவது பந்து எலும்பை ஒட்டவைக்காது.

"கடிதம் குடுத்தியா?"
குனிந்து இடக்கால் மேசைத் தொட்டான்.
அதற்குள்தான், நான்காய், வியர்வையில்.
"மச் முடியக் குடுக்கிறன், மிஸ்."

விசிலைக் கழுத்தில் போட்டபடி
பயிற்சியாளர் சில்வெஸ்டர் நடந்து வந்தார்.
என்னை அடையாளம் கண்டு, நல்ல குசியில்,
"மிஸ், நாளைக்கு என்ன முடிவு?" என்றார்.

மிதுர்ஷன் அசையாமல் நின்றான்.
சொல்லிக்கொடுக்காமலே
மூச்சைப் பிடித்திருந்தான்.

பந்து என் காலடியில்.
விடலாம் என்று
நான் இன்னும் சொல்லவில்லை.