அழைப்பு விளக்கு

இருபத்தாறு வருடம் மீட்டர் படித்தவள் நான்.
பஃபலோ நகரத்து நிலவறைகளில்
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
எரிவாயு முள் நின்ற இடத்தைக் குறித்தவள்.
மாடியில் என்ன திரை தொங்கினால் என்ன,
கீழே அடிக்கிற வாடைதான்
எனக்கு ஒரு வீட்டைச் சொல்லும்.

அதனால் லூசியனுக்கு இடம் தேடக் கிளம்பியபோது
அரசாங்கம் அச்சடித்துத் தந்த நட்சத்திரங்களை
மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.
கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

என் தம்பி.
ரொட்டி அடுப்பு வாயில் நின்றே நரைத்தவன்.
நவம்பரில் வந்த பக்கவாதம்
ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்துப் போனது:
ஞாயிறு.
கிழமையைக் கேட்கிறானா வெயிலைக் கேட்கிறானா
யாருக்கும் தெரியவில்லை.
பிப்ரவரியில், இந்த ஏரிக்கரை ஊரில்,
வெயில் கேட்டால் நான் எங்கே போவேன்?

லேக்வியூ மேனர். ஐந்து நட்சத்திரம்.
ஜன்னலில் ஏரி இல்லை, டயர்க் கடை இருந்தது.
கூடத்தில் கறுப்புப் பியானோ;
மூடியைத் தூக்கி ஒரு கட்டையை அழுத்தினேன்,
சத்தமில்லை.
சுற்றிக் காட்டிய பெண் சாப்பாட்டை
உணவு அனுபவம் என்றாள்.
அவள் கம்பளத்தின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது
பன்னிரண்டாம் அறைக் கதவின் மேல்
ஆரஞ்சு விளக்கு எரிந்தது.
பைக்குள்ளேயே கடிகாரத்தை அழுத்தினேன்.
பதினான்கு நிமிடம் இருபது நொடி.
யாரோ வந்தார்கள்,
விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்கள்.

செயின்ட் கிங்கா. நான்கு.
எலுமிச்சை வாசனை வாசலிலேயே வந்து கட்டிக்கொண்டது.
இவ்வளவு எலுமிச்சை எதை மூடும் என்று
நிலவறைக்காரியிடமா மறைப்பது?
அன்றிரவு பதினோரு மணிக்குத் திரும்பிப் போய்
கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
ஷிஃப்ட் மாறியது.
ஒன்பது கார் வெளியே போனது, உள்ளே வந்தது மூன்று.
அறுபது கட்டில்.
வீடு வரும்வரை
அறுபதை மூன்றால் வகுத்துக்கொண்டே வந்தேன்,
ஏதோ இன்னொரு விடை வரும் என்பதுபோல.

எல்ம்பிரிட்ஜ். இரண்டு.
கூரையில் காப்பிக் கறை மாதிரி ஒழுகல்.
பர்மாவிலிருந்து வந்த கரேன் பெண் ஒருத்தி,
நா மூ பா என்று சட்டையில் பெயர்,
கிழவர் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.
ஒரு வாய்.
குரல்வளை ஏறி இறங்கும்வரை
கரண்டி காற்றிலேயே நின்றது.
மறுவாய். மறுபடியும் நின்றது.
நேற்று ராத்திரியும் நான்தான், என்றாள் திரும்பாமல்,
வருகிறேன் என்றவள் வரவில்லை.
அவளுக்குப் பின்னால் நடையில் ஒரு விளக்கு
எரிந்துகொண்டே இருந்தது.
பத்தொன்பது நிமிடம்.

என் கணக்குப்படி லேக்வியூவைவிட மோசம்.
எழுதினேன்.
எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பத்தொன்பது நிமிடமும்
அவள் கரண்டியில்தான் இருந்தது.
அந்த விளக்குக்குக் கீழே படுத்திருந்தவருக்கோ
அது கரண்டியுமில்லை, கஞ்சியுமில்லை;
நனைந்த படுக்கை.
முள் பொய் சொல்லாது என்று
எத்தனை வீட்டு வாசலில் சண்டை போட்டிருக்கிறேன்!

திங்களன்று எல்ம்பிரிட்ஜிலிருந்து போன்:
ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது.
எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை.
அவர்களும் சொல்லவில்லை.

கதவில் பழைய பெயரைச் சுரண்டியிருந்தார்கள்.
கடைசி நாலு எழுத்து பசையோடு ஒட்டிக் கிடந்தது.
அலமாரிக்குள் ஒரு சட்டைப் பொத்தான்.
எறிய மனம் வராமல் பையில் போட்டுக்கொண்டேன்,
நட்சத்திரங்களோடு.

லூசியனைப் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றி,
மணிக்கயிற்றை நல்ல கைப்பக்கம் கட்டினேன்.
இதோ இப்படி, என்று அவன் விரலைப் பிடித்து
அழுத்திக் காட்டினேன்.
தலைமாட்டுச் சுவரில் ஆரஞ்சு விளக்கு பற்றியது.
கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.

ஞாயிறு, என்றான்.

இன்றைக்குச் செவ்வாய்டா, என்றேன்.